நுரை வராத கசிவு

கோவில்பதாகையில் பக்தவத்சலம் என்று விசாரித்தால் எந்தப் பக்தவத்சலம் என்பார்கள். நுரை வத்சலம் என்றால் நேராக வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

ஆவடி ராணுவ வண்டித் தொழிற்சாலையில் அவர் பார்த்தது கசிவுச் சோதனை. தண்ணீரில் இறங்கி ஏறவேண்டிய வண்டிகள் அவை. தகடும் தகடும் சேருமிடம், ரப்பர் உட்காருமிடம் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். உள்ளே காற்றை அடைப்பார்கள். வெளியே இவர் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். நுரை கிளம்பினால் கசிவு. கிளம்பாவிட்டால் வண்டி அடுத்த பிரிவுக்குப் போகும். சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை இதே வேலை. பதவியின் பெயர் இரண்டு தடவை மாறியது. பிரஷ் மாறவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. புது சிலிண்டர் வந்தால் சோப்புத் தண்ணீர். மாடித் தொட்டிக் குழாய்க்குச் சோப்புத் தண்ணீர். மகள் வித்யாவின் கல்யாணத்தன்று மணமேடையில் பெண்ணின் அப்பாவைக் காணவில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஜானகிராமன் தேடிக்கொண்டு போனார். சமையற்கட்டுக்குப் பின்னால், பட்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி, சமையல்காரரின் சிலிண்டர்களுக்கு நுரை தடவிக்கொண்டிருந்தார் பக்தவத்சலம்.

"முகூர்த்த நேரம் சம்மந்தி!"

"ரெண்டு சிலிண்டர்தான் பாக்கி சம்மந்தி. நீங்க போய்க்கினே இருங்க."

ஜானகிராமன் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். வண்டி தாமதமாக வந்தால் தன்னையே யாரோ திட்டிவிட்டதுபோல முகம் சிவக்கும். அன்றைக்கும் சிவந்தது. ஆனால் அவருக்குச் சம்பந்தியைப் பிடித்துப்போனது. சிலிண்டரையே இப்படிப் பார்க்கிறவர், பெண்ணை எப்படிப் பார்த்து வளர்த்திருப்பார் என்று மனைவி ரேவதியிடம் சொன்னாராம்.

அப்படிப்பட்டவர் வீட்டிலிருந்துதான் கசிந்தது. வித்யாவும் மாப்பிள்ளை அசோக்கும் இருப்பது ஜபல்பூரில், அசோக்குக்கு அங்கே வேலை. பொங்கல் கழிந்து ஜானகிராமனும் ரேவதியும் அங்கே போனபோது வித்யாவின் அம்மா நாகம்மா ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். மூடியை இறுக்கிக் கொடுத்தது பக்தவத்சலம். விஜயவாடா தாண்டி எங்கேயோ டப்பா சாய்ந்தது. ஜபல்பூரில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு உடுத்திக்கொள்ள ரேவதி எடுத்துப் போயிருந்த அரக்குப் பட்டில் எண்ணெய் இறங்கிவிட்டது. ரேவதி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு கோவில்பதாகைக்கு வரவும் இல்லை.

வித்யா ஆன்லைனில் தேடி அம்மாவுக்கு ஒரு வாக்குவம் சீலர் அனுப்பியது அதற்குப் பிறகுதான். பைக்குள் பண்டத்தைப் போட்டு, பையின் வாயை மெஷினுக்குள் வைத்து, மூடியை அழுத்தினால் போதும். உள்ளிருக்கும் காற்றை இழுத்துவிட்டுத் தானே சூடேறி வாயை ஒட்டிவிடும். நாகம்மா அதற்கு உறிஞ்சி என்று பெயர் வைத்தாள். பக்தவத்சலத்துக்கு வந்த நாளிலிருந்தே அதன்மேல் தனிப் பிரியம். கூட வந்த சின்னப் புத்தகத்தை இரண்டு தடவை படித்தார். மூடியைப் பூட்டியே வைத்தால் ரப்பர் நசுங்கிப்போகும் என்று போட்டிருந்ததால், வேலை முடிந்ததும் மூடியைத் தளர்த்தி வைப்பார். நீர்ப் பதார்த்தம் உள்ளே ஏறக்கூடாது என்று போட்டிருந்ததால், குழம்பு வகையறாவை ஃப்ரீசரில் கட்டியாக்கிவிட்டுத்தான் பையில் போடவேண்டும் என்று நாகம்மாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். சூட்டுக் கம்பி மேல் ஒட்டியிருக்கும் பட்டையை ஆறியபின் துடைப்பார். மேலும் கீழுமாக இருந்த இரண்டு கறுப்பு ரப்பர் வளையங்களையும் அவ்வப்போது கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுவார்.

"என்னிக்காவது என் வளையலக் கழட்டிக் கழுவிக் குட்த்துகிறியா நீ?" என்பாள் நாகம்மா.

இப்போது வித்யாவுக்கு மூன்றாம் மாதம். மசக்கை அவளைப் போட்டுப் புரட்டியது. தாளிப்பு வாசனை பட்டால் குளியலறைக்கு ஓடுகிறாள். அசோக் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்துப் பார்த்தான். பக்கத்து வீட்டில் தாளித்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. எடை இறங்கிக்கொண்டே போனது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவில் ஒரே ஒரு நல்லது நடந்தது. கோடையில் வித்யா ஊருக்கு வந்தபோது நாகம்மா உறிஞ்சியில் அடைத்துக் கொடுத்த புளிக்காய்ச்சல் பாக்கெட் ஒன்று அவள் ஃப்ரீசரில் மிச்சமிருந்தது. ஆறின சோற்றில் அதைப் பிசைந்து சாப்பிட்டாள். நின்றது. அடுத்த வேளையும் வயிற்றில் நின்றது. பாக்கெட் தீர்ந்ததும் பழையபடி ஆரம்பித்தது.

"அம்மா, உன் புளிக்காய்ச்சல் கனவுல வருதும்மா," என்றாள் போனில். குரல் நூல்போல இருந்தது. போனை வைத்ததும் நாகம்மா புளியை ஊறப்போட்டாள். பக்தவத்சலம் சம்பந்திக்குப் போன் போட்டார். ஜானகிராமன் ஜபல்பூர் புறப்பட டிக்கெட் எடுத்திருந்தார், இந்தத் தடவை தனியாக.

"எண்ணெய் சமாச்சாரமா?" என்று இழுத்தார் ஜானகிராமன்.

"ஒரு சொட்டு வராது சம்மந்தி. சொட்டு இன்னா, வாசனையே வராது. மிஷின்ல அடச்சித் தரேன். நான் கியாரண்டி."

"ரேவதிக்குத் தெரியாம என் பையில வெச்சுக்கறேன். ஆனா ஒண்ணு, லேசா உப்பியிருந்தாலும் எடுத்துக்க மாட்டேன். கோச்சுக்கக் கூடாது. நாளைக்குக் காலைல வண்டி. இன்னிக்கு வெளக்கேத்தற நேரத்துக்கு வந்து வாங்கிக்கறேன்."

விளக்கேற்றும் நேரம் என்றால் அவர் தீப்பெட்டி உரசும்போது வாசலில் நிற்பார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பக்தவத்சலம் மெஷினைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஆயுத பூஜைக்குப் பிறகு அன்றுதான் அதை ஓட்டுகிறார். புளிக்காய்ச்சல் ஃப்ரீசரில் செங்கல் துண்டுபோல இறுகியிருந்தது. ஒரு துண்டைப் பையில் போட்டு, வாயை மெஷினில் வைத்து, இரண்டு ஓரமும் 'டக்'கென்று சொல்லும்வரை மூடியை அழுத்தினார். பொத்தானைத் தட்டினார்.

மெஷின் உர்ரென்றது. வழக்கமாகப் பை சுருங்கிப் பண்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். சத்தம் கனத்து, தானே நின்று, சிவப்பு விளக்கு எரியும். இன்றைக்கு உர்ரென்றபடியே இருந்தது. பை லேசாகக் குழிந்தது, அவ்வளவுதான்.

"இன்னாயா, உர்ருனுகினே கீது?" என்றாள் நாகம்மா.

"பை சரியில்ல."

வேறு பை வெட்டினார். அதே உர். பையின் வாயில் எண்ணெய் பட்டிருக்குமோ என்று துடைத்துப் போட்டார். அதே உர். மெஷினை நிறுத்தி, சூடு ஆறட்டும் என்று காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் வித்யாவின் நூல் குரல் காதில் இருந்தது.

மூடியைத் திறந்து, காற்றை இழுக்கும் துளையில் விரல் நுனியை வைத்துப் பொத்தானைத் தட்டினார். விரலைக் கவ்விப் பிடித்தது. பம்ப் நன்றாக இருக்கிறது. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, மெஷினைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தார். பம்பிலிருந்து துளைக்குப் போகும் சின்னக் குழாய் கழன்றிருக்குமோ என்று இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. மறுபடி பூட்டினார். அப்படியானால் மூடியில்தான் எங்கேயோ காற்று போகிறது.

"கசிவு," என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கசிவு என்றால் அவர் பேட்டை. கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தார். மூடியின் விளிம்பைச் சுற்றித் தடவினார். பொத்தானைத் தட்டிவிட்டுக் குனிந்தார்.

நுரை கிளம்பவில்லை. விளிம்பில் எங்கேயும் ஒரு கொப்புளம்கூட இல்லை. மெஷின் மட்டும் உர்ரென்றது.

"கசிவே இல்ல," என்றார் பக்தவத்சலம்.

"அப்ப ஏன் உர்ருன்னுது?"

"அதான் தெர்ல."

இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவினார். திறந்து பார்த்தபோது உள்பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் பம்புக்குள் ஏறியிருக்கும். நாகம்மா துணியைக் கொண்டுவந்து அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கினாள்.

"குழம்பு உள்ள போவக்கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தியே, நீ தண்ணி காட்டிகினு கீறியே! அது இன்னா மாடா?"

அவர் துடைத்தார். தண்ணீர் உள்ளே எப்படி வந்தது என்பது மனதில் உறுத்தியது. உறுத்தல் எங்கே கொண்டுபோகிறது என்று மட்டும் பிடிபடவில்லை.

ஆவடி மார்க்கெட்டில் பாக்கெட் போட்டுத் தரும் கடைக்குப் போன் செய்தார். எண்ணெய் அயிட்டத்தைத் தன் மெஷினில் ஏற்ற முடியாது என்று கடைக்காரன் வைத்துவிட்டான்.

"இழுக்காட்டி இன்னா, வெறும ஒட்டிக் குட்த்துடு," என்றாள் நாகம்மா.

"காத்தோட ஒட்டினா உப்பிகினு கெடக்கும். மேல ஒரு பொட்டிய வெச்சான்னா டப்புனு போவும். சம்மந்தி பையில இன்னொரு தடவ எண்ணெ போச்சுன்னா, அவரு நம்ம ஊட்டுத் தண்ணிகூட குடிக்க மாட்டாரு."

"அவுரு குடிக்காட்டிப் போறாரு. எம் பொண்ணு சாப்டணும்."

பக்தவத்சலம் மறுபடி மெஷினிடம் போனார். மூடியின்மேல் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் நிரப்பின குக்கரை மேலே ஏற்றி வைத்தும் பார்த்தார். உர்.

"நான் வேணா ஏறிக் குந்தட்டா?" என்றாள் நாகம்மா. சிரிக்கவில்லை. அவளுக்கும் அழுகை பக்கத்தில் இருந்தது.

வெயில் இறங்கிவிட்டது. நாகம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து, சாமி மாடத்தில் விளக்கேற்றப் போனாள். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. தீக்குச்சி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"வாங்க சம்மந்தி," என்றார் பக்தவத்சலம்.

"ரெடியா?" என்ற ஜானகிராமன் மேசையைப் பார்த்தார். குக்கர், சோப்புக் கிண்ணம், வாய் திறந்த பைகள், உருக ஆரம்பித்துவிட்ட புளிக்காய்ச்சல். "ஓ," என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஃபேனப் போடும்மா," என்றார் பிறகு.

"ஊதுபத்தி ஏத்திகினு கீறேங்க. ஒரு நிமிஷம்," என்றாள் நாகம்மா. சம்பந்தி முன்னால் அவள் பேச்சில் 'யா' போய் 'ங்க' வந்துவிடும். ஊதுபத்தியை மாடத்தில் காட்டிவிட்டு, வழக்கம்போல அடுப்புக்கு, அரிசி டின்னுக்கு என்று காட்டிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில் மெஷின் இன்னும் உர்ரென்றுகொண்டிருந்தது. அதற்கும் ஒரு சுற்றுக் காட்டினாள். பார்த்தால் வேண்டிக்கொள்வதுபோல இருந்தது.

புகை நேராக மேலே போயிற்று. இடது மூலைக்கு வந்ததும் வளைந்தது. மேலே போகவேண்டிய புகை படுத்து, மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே நூலாக உள்ளே போயிற்று.

"நில்லு!" என்று கத்தினார் பக்தவத்சலம்.

ஜானகிராமன் எழுந்தே விட்டார். நாகம்மா பத்தியோடு அப்படியே நின்றாள்.

"மறுபடி காட்டு. மெதுவா. இந்தப் பக்கத்திலேருந்து."

வலது மூலையில் புகை நேராக நின்றது. முன்பக்கம் நேராக நின்றது. இடது மூலையில் படுத்தது.

பக்தவத்சலம் தலையில் அடித்துக்கொண்டார். ஆயுசு முழுக்கக் காற்று வெளியே வருவதைப் பார்த்தவர். உள்ளே காற்றை அடைத்தால்தான் வெளியே நுரை வரும். இந்த மெஷின் உள்ளே இழுப்பது. இழுக்கிற இடத்தில் நுரை எப்படிக் கிளம்பும்? தடவின தண்ணீரை அது குடித்துவிட்டது. பள்ளத்தில் தேங்கியபோதே அது அவரிடம் சொல்லியிருக்கிறது.

மெஷினை நிறுத்தி மூடியைத் திறந்தார். இடது மூலையில் மூடியில் கீறல் இல்லை. ரப்பரில் கிழிசல் இல்லை. ஆயுத பூஜைக்காக அவரே கழற்றிக் கழுவி, ஜன்னலில் காயவைத்து, பூஜை முடிந்த மறுநாள் அவரே மாட்டிய ரப்பர். அதனால்தான் மத்தியானத்திலிருந்து அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். விரலால் தடவினார். அந்த இடத்தில் மட்டும் ரப்பர் புடைத்தாற்போல மேலே எழும்பியிருந்தது. நகத்தால் நெம்பி, கீழ் வளையத்தைப் பள்ளத்திலிருந்து கழற்றினார்.

பள்ளத்துக்குள், மூலையில், காய்ந்து கல்லாகிப்போன சந்தனப் பொட்டு. துவரம்பருப்புப் பருமன். நடுவில் குங்குமம்.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"நாகம்மா," என்றார் பக்தவத்சலம் மெதுவாக.

"இன்னாங்க."

"இது யாரு வெச்சது?"

"நான்தான். நீங்க மூடி மேல பட்டை போட்டுப் பொட்டு வெச்சீங்க. தொறந்து பாத்தேன், ரப்பர் இல்லாம வாய் வெறுமனே கெடந்துச்சி. கிரைண்டருக்கு உள்ளதான வெக்கறோம், அடுப்புக்கு பர்னர்லதான வெக்கறோம். வேல செய்யறது வாய்தான? வாய்க்கு வெக்காம மண்டைக்கு வெச்சா இன்னா அர்த்தம்?"

ஆயுத பூஜை வந்தால் தொழிற்சாலையில் பக்தவத்சலம் பயிற்சியாட்கள் பின்னாலேயே அலைவார். ரப்பர் உட்காருற எடத்துல பொட்டு வெக்காதே, தகட்டுல வெய்யி, தகட்டுல வெய்யி என்று தொண்டை கட்டும்வரை கத்துவார். அங்கே ஒருவரும் ஒருநாளும் வைத்ததில்லை. வீட்டில் அவர் அதைச் சொன்னதில்லை. இங்கே ரப்பர் உட்காரும் இடம் ஏது என்று இருந்துவிட்டார்.

முதலில் சிரித்தது ஜானகிராமன். "சாமி குத்தம் இல்ல சம்மந்தி. சாமியேதான் குத்தம்," என்றார். நாகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்தவத்சலத்துக்குத் தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

ஈரத் துணியை அந்த இடத்தில் ஊறவைத்து, மரக் குச்சியால் பொட்டைச் சுரண்டி எடுத்தார். கத்தியை எடுக்கவில்லை, பள்ளத்தில் கீறல் விழுந்தால் அதுவே இன்னொரு கசிவு. உதிர்ந்த துகளைக் கீழே போட மனமில்லாமல் நாகம்மா உள்ளங்கையில் வாங்கிக் கொண்டுபோய்த் துளசித் தொட்டியில் போட்டாள். பள்ளத்தைத் துடைத்து, காய்ந்ததா என்று தடவிப் பார்த்து, ரப்பரை மூலையிலிருந்து அமுக்கிக்கொண்டே வந்தார். அதற்குள் நாகம்மா புளிக்காய்ச்சலை மறுபடி ஃப்ரீசரில் தள்ளியிருந்தாள். அது இறுகுகிற நேரத்தில் ஜானகிராமன் காப்பி குடித்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அது நாகம்மாவின் கண்ணில் பட்டது.

மூடியை அழுத்தினார். டக், டக். பொத்தான். உர்.

மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பை சுருங்கியது. புளிக்காய்ச்சலின் மேடுபள்ளம் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கில் எழுந்தது, மிளகாய் வற்றலின் காம்பு உட்பட. சத்தம் கனத்தது. நின்றது. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

நாகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூச்சு விட்டுச்சிய்யா," என்றாள். சம்பந்தி இருப்பதை மறந்துவிட்டாள்.

மிச்சத் துண்டுகளையும் அடைத்தார்கள். ஜானகிராமன் ஒவ்வொன்றாக வாங்கி அமுக்கினார், ஓரத்தை இழுத்துப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டினார். பக்தவத்சலம் ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து, பாக்கெட்டை அமிழ்த்தி இரண்டு கையாலும் பிசைந்தார். இது அவருக்குத் தெரிந்த சோதனை. கொப்புளம் வரவில்லை.

"ரேவதிகிட்டச் சொல்லியே எடுத்துட்டுப் போறேன்," என்றார் ஜானகிராமன்.

அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோது நாகம்மா மெஷினைத் துடைத்து, மூடியைப் பூட்டாமல் தளர்த்தி வைத்திருந்தாள்.

"அடுத்த வருசம் மேல மட்டும் வெய்யி," என்றார்.

"மேல நீ வெய்யி. வாய்க்கு நான்தான் வெப்பேன். பூச முடிஞ்சதும் தொடச்சிடறேன்."

அதில் தப்புச் சொல்ல அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஜபல்பூரிலிருந்து முதலில் ஜானகிராமன்தான் கூப்பிட்டார். "வண்டி லேட்டு. பாக்கெட் கரெக்ட்," என்று சொல்லிப் போனை வித்யாவிடம் கொடுத்தார். நாகம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"சாப்டுகினு கீறேம்மா," என்றாள் வித்யா. வாயில் சோறு இருந்தது. அதற்குமேல் அவள் பேசவில்லை. தட்டில் விரல் படும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. இப்படித்தான் நிற்கும், பிறகு நாற்காலி நகரும், அவள் ஓடுவாள். நாகம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்தவத்சலம் போன்மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கிளம்பவில்லை.

"மாமா," என்றது வித்யாவின் குரல் அந்தப் பக்கம் யாரிடமோ, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."